லேயருக்கு உயரம், படத்துக்கு அகலம்: போட்டோஷாப் பேனல்களை அடுக்கும் விதம்

“அக்கா, லேயர் எல்லாம் காணாமப் போச்சுக்கா!”

எங்கள் ஸ்டூடியோவில் புதிதாக வந்து சேரும் தம்பி, தங்கை யாராக இருந்தாலும் முதல் வாரத்துக்குள் ஒரு தடவையாவது இப்படிக் கூப்பிடுவார்கள். (லேயர் என்றால், கண்ணாடித் தாள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வேலை செய்யும் படத்தின் அடுக்கு.) எழுந்து போய்ப் பார்த்தால் திரையில் படம் மட்டும் நிற்கும். வலது பக்கம் பெட்டி பெட்டியாக நிற்கும் பேனல்கள், இடது பக்க டூல்கள், மேலே இருந்த ஆப்ஷன்ஸ் பட்டை எதுவும் இருக்காது. காலையிலிருந்து செய்த வேலை போய்விட்டது என்று பயந்துபோய் உட்கார்ந்திருப்பார்கள்.

ஒன்றும் போயிருக்காது. கை தவறி டேப் கீயில் பட்டிருக்கும். இன்னொரு தடவை டேப் தட்டினால் எல்லாம் வந்துவிடும். ஷிப்டோடு சேர்த்துத் தட்டியிருந்தால் டூல்களும் ஆப்ஷன்ஸ் பட்டையும் நிற்கும், வலது பக்கப் பேனல்கள் மட்டும் மறையும். எஃப் கீயைத் தட்டினாலும் இதே குழப்பம்தான். அது திரையின் தோற்றத்தை மூன்று நிலைகளில் மாற்றிக்கொண்டே போகும், மூன்றாவது நிலையில் மெனுவே இருக்காது. எஸ்கேப் தட்டினால் பழைய நிலைக்கு வந்துவிடலாம். லேயர் பேனல் ஒன்று மட்டும் இல்லையென்றால் எஃப்7. வேறு எந்தப் பேனல் காணவில்லை என்றாலும் மேலே விண்டோ மெனுவைத் திறந்தால் எல்லாவற்றின் பெயரும் வரிசையாக இருக்கும், வேண்டியதைத் தொட்டால் வந்து நிற்கும். இதையெல்லாம் செய்தும் சரிப்படவில்லையா? விண்டோ மெனு, அதில் ஒர்க்ஸ்பேஸ் (பேனல்களை அடுக்கி வைத்த அமைப்புக்கு அதுதான் பெயர்), அதற்குள் ‘ரீசெட்’ என்று தொடங்கும் வரி. அதை அழுத்தினால் முதலில் சேமித்து வைத்திருந்த அமைப்பு அப்படியே திரும்பிவிடும். உங்கள் படத்துக்கோ லேயர்களுக்கோ இதனால் எந்தக் கெடுதலும் இல்லை.

முதலில் இந்தப் பயம் போக வேண்டும். “எதையாவது நகர்த்தினா திரும்ப வைக்கத் தெரியாதே” என்றுதான் பலர் வருடக்கணக்காக போட்டோஷாப் முதல் நாள் எப்படித் திறந்ததோ அப்படியே வைத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். நானும் நான்கு வருடம் அப்படித்தான் இருந்தேன். பதினான்கு வருடமாகக் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். இங்கே சொல்வதெல்லாம் அந்த மேஜையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது.

படத்தின் வடிவத்தைப் பாருங்கள்

பேனலை எங்கே வைப்பது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, “என்ன அளவு படத்தில் வேலை செய்றீங்க?” என்பதைத்தான். இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் பேனலைத் தொடவே வேண்டாம்.

எங்கள் வேலையில் பெரும்பாலும் 12க்கு 36 பேட். அதாவது ஆல்பத்தை விரித்தால் தெரியும் இரண்டு பக்கமும் சேர்ந்து 36 அங்குல அகலம், 12 அங்குல உயரம். 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தால் 10,800க்கு 3,600 பிக்சல். அகலம் உயரத்தைப் போல மூன்று மடங்கு. இப்போது 1,920க்கு 1,080 மானிட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். வலது பக்கம் இரண்டு வரிசைப் பேனலை விரித்து வைத்திருந்தால் அதுவே 500 பிக்சலுக்கு மேல் பிடித்துக்கொள்ளும். இடது பக்க டூல்களும் போக, படத்துக்குச் சுமார் 1,350 பிக்சல் அகலம்தான் மிஞ்சும். கன்ட்ரோல் 0 அழுத்தி முழு பேடையும் திரையில் பொருத்தினால் அது 12.5 சதவீதத்தில் தெரியும். பந்தியில் எடுத்த கூட்டப் படத்தில் 400 பிக்சல் அகலத்துக்கு இருக்கும் ஒரு முகம், திரையில் 50 பிக்சல்தான். கண் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்றுகூடத் தெரியாது. டேப் தட்டிப் பேனல்களை மறைத்தால் அதே முகம் 70 பிக்சல் ஆகிவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1,350 பிக்சல் அகலத்துக்கு பேடின் உயரம் 450தான். மெனு, பட்டை எல்லாம் போகத் திரையில் 900 பிக்சல் உயரமாவது கையில் இருக்கும். அதில் பாதி, பேடுக்கு மேலேயும் கீழேயும் வெறும் சாம்பல் நிறமாகக் கிடக்கிறது. பற்றாக்குறை அகலத்தில், மிச்சம் உயரத்தில். அப்படியானால் ஆல்பம் செய்பவருக்குப் பக்கவாட்டில் இரண்டு வரிசைப் பேனல் என்பது தவறான அடுக்கு. ஒரே வரிசை, அதுவும் ஒல்லியாக, மேலிருந்து கீழ்வரை நீளமாக இருக்க வேண்டும்.

பாஸ்போர்ட் சைஸ் போட்டோ போடுகிறவருக்கு இதே கணக்கு தலைகீழ். 35க்கு 45 மில்லிமீட்டர் படம் நின்ற வாக்கில் இருக்கும். திரையில் இரண்டு பக்கமும் இடம் தாராளமாகக் கிடக்கும். அவர் இரண்டு வரிசைப் பேனலை விரித்து வைத்துக்கொள்ளலாம், ஒன்றும் குறையாது.

கையால் நகர்த்திப் பழகுவது

எங்கள் ஸ்டூடியோ அண்ணன் இதையெல்லாம் இன்னும் ‘பேலட்’ என்றுதான் சொல்வார். 2007-ல் வந்த சிஎஸ்3 பதிப்பு வரைக்கும் அதுதான் பெயர். அடுத்த வருடம் சிஎஸ்4 வந்தபோதுதான் பேனல் என்று மாறியது. பெயர் எதுவானாலும் நகர்த்தும் முறை ஒன்றுதான். ஆனால் அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அது பிடிபடாமல்தான் பாதிப்பேர் எரிச்சலாகி விட்டுவிடுகிறார்கள்.

ஒரு பெட்டிக்குள் இரண்டு மூன்று பேனல் சேர்ந்திருக்கும். லேயர்ஸ், சேனல்ஸ், பாத்ஸ் என்று தலையில் பெயர் இருக்கும். பெயரைப் பிடித்து இழுத்தால் அந்த ஒரு பேனல் மட்டும் பிரிந்து வரும். பெயர்களுக்குப் பக்கத்தில் காலியாக இருக்கும் பட்டையைப் பிடித்து இழுத்தால் மொத்தப் பெட்டியும் வரும். இந்த வித்தியாசத்தை முதலில் கையில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்தது நீலம். இழுத்துக்கொண்டு போய் இன்னொரு பெட்டியின் மேல் காட்டும்போது நீல நிறம் தெரியும். பெட்டியைச் சுற்றி முழுச் சட்டமாக நீலம் வந்தால், விட்டவுடன் அந்தப் பெட்டிக்குள் போய் இன்னொரு பெயராக உட்கார்ந்துகொள்ளும். இரண்டு பெட்டிக்கு நடுவே கோடு போட்டது மாதிரி மெல்லிசாக நீலம் வந்தால், அந்த இடத்தில் தனிப் பெட்டியாக நிற்கும். சட்டத்துக்கும் கோட்டுக்கும் இடையே மவுஸ் நகர வேண்டிய தூரம் அரிசி அகலம்தான். அதனால் வேகமாகக் கொண்டுபோய்ப் போடாதீர்கள். கோலத்தில் புள்ளி வைக்கிற மாதிரி மெதுவாக நகர்த்தி, நீலம் எப்படி மாறுகிறது என்று பார்த்து, வேண்டிய வடிவம் வந்த பிறகு விடுங்கள். தவறான இடத்துக்குப் போய்விட்டது என்று பாதியில் தோன்றினால், மவுஸை விடாமலேயே எஸ்கேப் தட்டுங்கள், கிளம்பிய இடத்துக்கே போய்விடும். எதிலும் ஒட்டாமல் திரையில் தனியாக மிதக்க வேண்டுமென்றால் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டே இழுங்கள். மேக்கில் கமாண்ட்.

பெயரின் மேல் இரண்டு தடவை கிளிக் செய்தால் பெட்டி சுருங்கித் தலைப்பு மட்டும் நிற்கும், மறுபடி செய்தால் விரியும். வரிசையின் உச்சியில் இரட்டை அம்புக்குறி சின்னதாக இருக்கும், அதை அழுத்தினால் மொத்த வரிசையும் ஐகான்களாகச் சுருங்கும். டூல் பெட்டியின் உச்சியிலும் அதே அம்பு உண்டு. அங்கே அழுத்தினால் ஒற்றை வரிசை இரட்டை வரிசையாகும். அகலம் பற்றாத ஆல்பம் வேலைக்கு ஒற்றை வரிசைதான் சரி.

ஐகானாகச் சுருக்கிய பேனலை அழுத்தினால் விரியும், வேலை முடிந்தும் விரிந்தே நிற்கும். கன்ட்ரோல் கே அழுத்தி பிரிஃபரன்சஸ் திறந்து, ஒர்க்ஸ்பேஸ் பகுதியில் ‘ஆட்டோ கொலாப்ஸ் ஐகானிக் பேனல்ஸ்’ என்பதை டிக் செய்துவிடுங்கள். படத்தில் கை வைத்ததும் அதுவாகச் சுருங்கிக்கொள்ளும். நான் புதிய கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால் முதலில் செய்வது இந்த டிக்தான். அதற்குப் பக்கத்திலேயே ‘ஆட்டோ ஷோ ஹிட்டன் பேனல்ஸ்’ என்று ஒன்று இருக்கும், அதுவும் டிக்கில் இருக்கட்டும். டேப் தட்டி எல்லாவற்றையும் மறைத்த பிறகும் மவுஸைத் திரையின் ஓரத்துக்குக் கொண்டுபோனால் பேனல்கள் எட்டிப் பார்க்கும், எடுத்துக்கொண்டு நகர்ந்தால் மறைந்துவிடும்.

என் திரை இப்படி இருக்கும்

வலது ஓரம் ஒரே வரிசை. மேலே பிராப்பர்ட்டீஸ், அதற்கு நேர் கீழே லேயர்ஸ். சேனல்ஸும் பாத்ஸும் லேயர்ஸ் பெட்டிக்குள்ளேயே பின்னால் இருக்கும். இரண்டு பெட்டிக்கும் நடுவில் உள்ள கோட்டைப் பிடித்து மேலே தள்ளி, வரிசையின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு லேயருக்குக் கொடுத்திருக்கிறேன். இந்த வரிசைக்கு இடது பக்கம் ஒட்டினாற்போல ஐகான்களாக ஹிஸ்டரி, ஆக்‌ஷன்ஸ், இன்ஃபோ, கேரக்டர், பாராகிராஃப். அவ்வளவுதான். கலர், ஸ்வாட்சஸ், கிரேடியன்ட்ஸ், பேட்டர்ன்ஸ், லைப்ரரீஸ் எல்லாவற்றையும் மூடிவிட்டேன். நிறம் எடுக்க வேண்டுமென்றால் டூல் பெட்டியின் அடியில் இருக்கும் நிறக் கட்டத்தை அழுத்தினாலே போதும். படத்துக்குக் கீழே தானாக மிதக்கும் கான்டெக்ஸ்சுவல் டாஸ்க் பாரையும் விண்டோ மெனுவில் எடுத்துவிட்டேன். பேடின் கீழ் ஓரத்தில் வேலை செய்யும்போது அது குறுக்கே நிற்கிறது.

லேயருக்கு இவ்வளவு உயரம் ஏன் என்றால், அதற்கு நான் கொடுத்த விலை அப்படி.

வேலைக்குச் சேர்ந்த நான்காவது வருடம். தை முகூர்த்தம், கையில் ஏகப்பட்ட ஆல்பம். பகலில் முடியாததை வீட்டுக்குக் கொண்டுபோய் லேப்டாப்பில் செய்வேன். அதன் திரை 1,366க்கு 768. போட்டோஷாப் திறந்தபோது இருந்த அமைப்பு அப்படியே. மேலே கலர், நடுவில் அட்ஜஸ்ட்மென்ட்ஸ், அடியில் ஒட்டிக்கொண்டு லேயர்ஸ். லேயர் பேனலில் ஒரே சமயத்தில் மூன்று வரி தெரியும், நான்காவதைப் பார்க்க உருட்ட வேண்டும். தாலி கட்டும் பேட். அதில் ஓரமாக இருந்த பெண்ணின் அம்மா படம் இருட்டாக இருந்தது. அதை மட்டும் வெளிச்சமாக்க ஒரு கர்வ்ஸ் லேயர் போட்டேன். அதை அந்த அம்மாவின் படத்தோடு மட்டும் சேர்க்கும் கிளிப்பிங்கைக் கொடுக்க மறந்துவிட்டேன். அந்தக் கர்வ்ஸ் எல்லாவற்றுக்கும் மேலே போய் உட்கார்ந்து மொத்த பேடையும் வெளிச்சமாக்கிவிட்டது. சின்னத் திரையில், சுருக்கிப் பார்த்தபோது, பேட் பளிச்சென்று அழகாகத்தான் இருந்தது.

பிரிண்ட் வந்தது. மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் ஒரு மடிப்புகூட இல்லை, வெள்ளைக் காகிதம் ஒட்டினது மாதிரி இருந்தது. பெண்ணின் புடவையில் ஜரிகை வேலைப்பாடு எதுவும் தெரியவில்லை. ஒரு தடவைதான் நடக்கும் நிகழ்ச்சி, அதுவும் ஆல்பத்தின் நடுப்பக்கம். ஷீட்டை மறுபடி போட்டு, பைண்டிங் பிரித்து மாற்றிக் கொடுத்தோம். அந்த அம்மா ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

கிளிப்பிங் கொடுத்திருந்தால் கர்வ்ஸ் லேயர் சற்று உள்தள்ளி, இடது பக்கம் கீழ்நோக்கி வளைந்த சின்ன அம்போடு நிற்கும். அதற்கு அடியில் இருக்கும் படத்தின் பெயர் அடிக்கோடு போட்டிருக்கும். பேனல் உயரமாக இருந்து பத்துப் பன்னிரண்டு லேயர் ஒன்றாகத் தெரிந்திருந்தால், வரிசையில் ஒன்று மட்டும் உள்தள்ளாமல் நிற்பது கண்ணில் பட்டிருக்கும். மூன்று வரியில் அது தெரியவே தெரியாது. அன்றைக்குத்தான் கலர் பேனலை மூடினேன். பிராப்பர்ட்டீஸை லேயருக்கு நேர் மேலே வைத்ததும் இதற்காகத்தான். கர்வ்ஸ் போட்டவுடன் பிராப்பர்ட்டீஸின் அடியில் கிளிப் செய்யும் சின்ன ஐகான் வரும். அதை அழுத்திவிட்டுக் கண்ணை ஒரு சாண் இறக்கினால் லேயரில் அம்பு விழுந்ததா என்று பார்த்துவிடலாம். இரண்டு லேயருக்கும் நடுவில் ஆல்ட் அழுத்திக் கிளிக் செய்தாலும் அதே வேலைதான்.

லேயர் பேனலின் மேல் வலது மூலையில் மூன்று கோடு போட்ட மெனு இருக்கும். அதில் பேனல் ஆப்ஷன்ஸ் திறந்து, சின்னப் படத்தின் அளவைத் தேர்ந்தெடுக்கலாம். பெரிதாக வைத்தால் படம் தெரியும், வரிசை குறையும். நான் நடு அளவு வைத்து, அதே இடத்தில் ‘லேயர் பவுண்ட்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். பேட் ரொம்ப அகலம் என்பதால், ‘என்டயர் டாகுமென்ட்’ வைத்தால் ஒவ்வொரு போட்டோவும் கடுகு மாதிரித்தான் தெரியும். லேயர் பவுண்ட்ஸில் அந்தப் போட்டோ மட்டும் சட்டம் நிறையத் தெரியும். பேட் வேலை செய்கிறவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது இன்றைக்கே மாற்றிப் பாருங்கள்.

இன்ஃபோ பேனலை நான் ஐகானாகச் சுருக்கி வைத்திருந்தாலும், கலர் கரெக்‌ஷன் செய்யும்போது கன்ட்ரோல் அழுத்தி வெளியே இழுத்து, பேடுக்குக் கீழே காலியாக இருக்கும் அந்தச் சாம்பல் இடத்தில் மிதக்க விடுவேன். வேட்டி, சட்டை, மல்லிகைப் பூ, நெற்றித் திருநீறு இவற்றின் மேல் மவுஸைக் கொண்டுபோனால் ஆர், ஜி, பி மூன்று எண்ணும் ஓடும். மூன்றும் 255 என்று வந்தால் அந்த இடத்தில் துணி இல்லை, பூ இல்லை, பேப்பரின் வெள்ளைதான் அச்சாகும். 240, 245 என்று நின்றால் மடிப்பு பிழைக்கும். கண்ணை நம்பி ஏமாந்த பிறகு இந்த எண்களை நம்புகிறேன்.

அப்படியே இன்னொரு விஷயம். சிஎஸ்6 காலத்திலிருந்து, அதாவது 2012-லிருந்து, போட்டோஷாப் கறுப்புச் சாயலில்தான் திறக்கிறது. சுற்றிலும் இருட்டாக இருந்தால் நடுவில் இருக்கும் படம் உள்ளதைவிட வெளிச்சமாகத் தோன்றும். அதை நம்பிக் கரெக்‌ஷன் செய்தால் பிரிண்ட் இருட்டாக வந்து நிற்கும். பிரிஃபரன்சஸில் இன்டர்ஃபேஸ் பகுதியில் நான்கு சாயல் இருக்கிறது. நான் வெளிர் சாம்பலில் வைத்திருக்கிறேன். படத்தைச் சுற்றியுள்ள இடத்தில் ரைட் கிளிக் செய்தால் அந்த இடத்தின் நிறத்தை மட்டும் தனியாகவும் மாற்றிக்கொள்ளலாம்.

சேமிக்காவிட்டால் எல்லாம் வீண்

இவ்வளவு அடுக்கிவிட்டு அப்படியே விட்டால், வேறொருவர் வந்து கலைத்துவிட்டுப் போவார். விண்டோ, ஒர்க்ஸ்பேஸ், நியூ ஒர்க்ஸ்பேஸ். பெயர் கேட்கும், கொடுங்கள். கீபோர்டு ஷார்ட்கட், மெனு, டூல்பார் இவற்றையும் சேர்த்துச் சேமிக்கவா என்று டிக் கேட்கும். நீங்கள் ஷார்ட்கட்டை மாற்றியிருந்தால் மட்டும் டிக் செய்யுங்கள்.

பலருக்கு இதில் ஒரு குழப்பம் வரும். சேமித்த ஒர்க்ஸ்பேஸில் இருந்துகொண்டே ஒரு பேனலை நகர்த்தினால், மறுநாள் திறக்கும்போதும் நகர்ந்த இடத்திலேயே இருக்கும். அதைப் பார்த்து, மாற்றமும் சேமிப்பாகிவிட்டது என்று நினைப்பார்கள். சேமிப்பாகவில்லை, தற்காலிகமாக நினைவில் வைத்திருக்கிறது. ரீசெட் கொடுத்தால் முதலில் சேமித்த நிலைக்குத்தான் போகும். புதிய மாற்றம் நிலையாக வேண்டுமென்றால் மறுபடி நியூ ஒர்க்ஸ்பேஸ் போய், அதே பெயரைக் கொடுத்து, பழையதை மாற்றவா என்று கேட்கும்போது சம்மதம் சொல்லுங்கள்.

எங்கள் ஸ்டூடியோவில் ஒரு கம்ப்யூட்டரை மூன்று பேர் பயன்படுத்துகிறோம். ஆளுக்கொரு ஒர்க்ஸ்பேஸ், அவரவர் பெயரில். வந்து உட்கார்ந்தவுடன் தன் பெயரைத் தேர்ந்தெடுத்து ரீசெட் கொடுத்தால் போதும், யாரும் யாரிடமும் “என் பேனலை எங்கடா வெச்ச?” என்று கேட்க வேண்டியதில்லை. அதே மெனுவில் லாக் ஒர்க்ஸ்பேஸ் என்றும் ஒன்று உண்டு. கை தவறி பேனல் பிய்த்துக்கொண்டு வருவதை அது தடுக்கும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு முதல் மாதம் அதைப் போட்டு வைப்பேன்.

கம்ப்யூட்டர் மாற்றும்போது இந்த அமைப்பையும் கொண்டுபோகலாம். விண்டோஸில் உங்கள் யூசர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா என்று மறைந்திருக்கும் ஃபோல்டர், அதில் ரோமிங், அடோபி, உங்கள் போட்டோஷாப் பதிப்பு, செட்டிங்ஸ், ஒர்க்ஸ்பேசஸ் என்று உள்ளே போனால், நீங்கள் வைத்த பெயரிலேயே ஃபைல் இருக்கும். அதைப் பென் டிரைவில் எடுத்து, புதிய கம்ப்யூட்டரில் அதே இடத்தில் போட்டுவிட்டு போட்டோஷாப்பைத் திறங்கள்.

பத்திரிகை வேலைக்குத் தனி அடுக்கு

கல்யாணப் பத்திரிகை, பிளக்ஸ், ஆல்பத்தின் முதல் பக்கம் என்று தமிழ் எழுத்து வரும் வேலைக்கு ‘தமிழ்’ என்றே ஒரு ஒர்க்ஸ்பேஸ் வைத்திருக்கிறேன். அதில் பிராப்பர்ட்டீஸ் இருக்கும் இடத்தில் கேரக்டரும் பாராகிராஃபும் விரிந்தே நிற்கும். இரண்டும் ஒரே பெட்டிக்குள் வேண்டாம், ஒன்றன்கீழ் ஒன்றாகத் தனித்தனியாக இருக்கட்டும். எழுத்துச் சரியாக விழாதபோது இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கும்.

யூனிகோடில் தட்டச்சு செய்து போட்டோஷாப்பில் ஒட்டினால், ‘கெ’ என்பதில் உள்ள ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ‘கோ’ என்று அடித்தால் கொம்பும் காலும் சேர்ந்து ககரத்துக்கு அந்தப் பக்கம் போய்விடும். கோமதி என்ற பெண்ணின் பெயரைப் பத்திரிகையில் அப்படிப் போட முடியுமா? இந்தத் தொல்லைக்குப் பயந்துதான் பலர் இன்றும் பாமினி மாதிரி பழைய எழுத்துருக்களை விடாமல் இருக்கிறார்கள். எழுத்துருவில் கோளாறு இல்லை. மருந்து பாராகிராஃப் பேனலின் மூலையில் இருக்கிறது. அந்த மூன்று கோடு மெனுவைத் திறந்தால் அடியில் ‘வேர்ல்டு ரெடி’ என்றோ, சில பதிப்புகளில் ‘மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்’ என்றோ, எழுத்துகளைக் கோக்கும் கம்போசர் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும். அந்த வரியே மெனுவில் இல்லையென்றால், பழைய பதிப்புகளில் பிரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய் அங்கே அதே பெயரில் இருக்கும் தேர்வைப் போட்டு, போட்டோஷாப்பை மூடித் திறந்து, புதிய ஃபைலில் தொடங்குங்கள். பழைய ஃபைலில் ஏற்கெனவே அடித்த வரிகளுக்கு ஒவ்வொரு டெக்ஸ்ட் லேயராகத் தேர்ந்தெடுத்துக் கம்போசரை மாற்ற வேண்டியிருக்கும். பாராகிராஃப் பேனல் விரிந்தே இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

இன்னும் இரண்டு மூன்று

முகத்தில் ரீடச் செய்யும்போது 200 சதவீதத்துக்குப் போய்விடுவோம், முழுப் படத்தில் அது எப்படித் தெரிகிறது என்பது மறந்துபோகும். விண்டோ, அரேஞ்ச் மெனுவின் அடியில் ‘நியூ விண்டோ ஃபார்’ என்று உங்கள் ஃபைல் பெயரோடு ஒரு வரி இருக்கும். அதை அழுத்தினால் அதே ஃபைல் இரண்டாவது ஜன்னலில் திறக்கும். அதே மெனுவில் ‘டூ அப் வெர்டிகல்’ கொடுத்தால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒன்றில் முகத்தைப் பெரிதாக்கி வேலை செய்தால், மற்றதில் முழுப் படமும் கூடவே மாறுவதைப் பார்க்கலாம். பருவை எடுக்கப் போய், பாட்டியின் கன்னத்து மச்சத்தையும் சேர்த்து அழித்துவிடாமல் இருக்க இது உதவும். அந்த மச்சம்தான் பாட்டி.

இரண்டு மானிட்டர் இருந்தால் பேனல் வரிசை முழுவதையும் இரண்டாவதில் வைத்துவிட்டு, முதல் மானிட்டரைப் படத்துக்கே கொடுத்துவிடலாம். ஒருநாள் இரண்டாவது மானிட்டரைக் கழற்றிவிட்டு, பேனலைக் காணோம் என்று தேடினால், பயப்படாமல் ரீசெட் கொடுங்கள். இல்லையென்றால் ஒற்றை மானிட்டருக்குத் தனியாக ஓர் ஒர்க்ஸ்பேஸ் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

காசு கொடுத்து வாங்க வசதி இல்லாத பிள்ளைகளுக்கு ஜிம்ப் என்ற இலவச மென்பொருளில் சொல்லிக்கொடுக்கிறேன். பேனலுக்கு அங்கே டாக்கபிள் டயலாக் என்று பெயர், விண்டோஸ் மெனுவில் இருக்கும். பெயரைப் பிடித்து இழுப்பதும், டேப் தட்டினால் மறைவதும் அங்கேயும் உண்டு. எல்லாம் துண்டு துண்டாக மிதந்தால் அதே மெனுவில் சிங்கிள் விண்டோ மோடை டிக் செய்யுங்கள். வேலைக்கொரு அடுக்கு என்று பெயர் வைத்துச் சேமிப்பது போட்டோஷாப் அளவுக்கு அங்கே வசதி இல்லை. அதனால் ஒரே ஒரு நல்ல அடுக்கை அமைத்து, பிரிஃபரன்சஸில் ஜன்னல்களின் இடத்தைச் சேமிக்கும் பொத்தானை அழுத்திவிடுங்கள்.

இதையெல்லாம் முகூர்த்த மாதத்தில் தொடங்காதீர்கள். கை பழகுவதற்குள் டெலிவரி தேதி வந்துவிடும். நாங்கள் ஆடியில்தான் செய்வோம், அப்போதுதான் கல்யாணம் இல்லை. ஒரு பழைய பேடைத் திறந்து வைத்து, பக்கத்தில் ஒரு தாளில் பேனல்களின் பெயரை எழுதி, எதைத் தொடுகிறீர்களோ அதற்கு நேரே ஒரு கோடு போட்டுக்கொண்டே அந்த பேடை முதலிலிருந்து முடியும்வரை மறுபடி செய்யுங்கள். போன ஆடியில் எங்கள் தம்பி அப்படிச் செய்தபோது லேயர்ஸுக்கு நேரே கோடு போட இடம் பற்றாமல் அடுத்த வரிக்குப் போயிற்று. ஸ்வாட்சஸுக்கு நேரே ஒரு கோடுகூட இல்லை. அவனே விண்டோ மெனுவுக்குப் போய் அதை மூடினான்.